வண்டிக் கொழுப்பும் சலரோகமும்: இரத்தத்துக்குள் என்ன நடக்கிறது?



சென்ற இதழில் இரத்த அழுத்தம் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு விம்பிள்டன் கணபதி கோயில் வாசலிலும், ரூட்டிங் மரக்கறிக் கடையிலும் என்னை மறித்துப் பலர் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "டொக்டர், எனக்குச் சலரோகம் எண்டு சொல்லிப்போட்டினம், சரி. சீனியைக் குறைக்கிறன். பிறகேன் என்ரை வண்டியை அளக்கினம்? ஏன் கொலஸ்ரரோல் குளிசை தருகினம்? சீனிக்கும் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம்?"

நல்ல கேள்வி. பத்து நிமிடச் சந்திப்பில் இதற்கு விடை சொல்ல எந்த ஜீபிக்கும் நேரம் கிடைப்பதில்லை. ஆகவே இங்கே கொஞ்சம் ஆறுதலாக எழுதுகிறேன். ஒரு தேத்தண்ணியுடன் வாசியுங்கள், சீனி போடாமல்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஜீபியாக வேலை தொடங்கிய ஆரம்ப வருடங்களில் எங்கள் ஆள் ஒருவர் என்னிடம் வந்தார். வயது நாற்பதுக்குச் சற்று மேல். இரவு நேரத்தில் பெற்றோல் நிலையத்தில் வேலை, பகலில் நித்திரை. ஒல்லியான கை கால். சேட்டுக்குள் மட்டும் ஒரு சின்ன வண்டி. இரத்தப் பரிசோதனை முடிவில் மொத்தக் கொலஸ்ரரோல் 5.0 என்று இருந்தது. அதில் எல்.டி.எல் 2.7. "கொலஸ்ரரோல் பரவாயில்லை அண்ணை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதே தாளில் கீழே இரண்டு வரிகள் இருந்தன. ரைகிளிசரைட் 3.3, எச்.டி.எல் 0.8. அவற்றை நான் பார்க்காமல் இல்லை; பார்த்தேன், பெரிதாக எடுக்கவில்லை. ஆறு வருடம் கழித்து அவருக்கு மாரடைப்பு வந்தது. உயிர் தப்பிவிட்டார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை, "விதி" என்றார். அந்தத் தாளை நான் இன்னும் மறக்கவில்லை. (அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். எண்கள் அப்படியேதான்.)

அந்த இரண்டு வரிகளும் என்ன சொல்லிக்கொண்டிருந்தன என்பதே இந்தக் கட்டுரை.

கொழுப்பு வெறும் மூட்டை அல்ல

நான் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்த காலத்தில் கொழுப்பு இழையத்தைப் பற்றிப் பெரிதாக எதுவும் படிப்பிக்கவில்லை. உடம்பு மிச்சச் சக்தியைச் சேர்த்து வைக்கும் ஒரு களஞ்சியம், குளிருக்கு ஒரு போர்வை, அவ்வளவுதான். வீட்டு மூலையில் கிடக்கும் நெல்லு மூட்டை மாதிரி. மூட்டை ஒன்றும் பேசாது.

அந்த எண்ணம் 1990களில் மாறியது. 1993இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஹொற்றாமிஸ்லிகில், ஸ்பீகல்மன் ஆகியோர் கொழுத்த எலிகளின் கொழுப்பு இழையத்தை ஆராய்ந்தார்கள். அந்தக் கொழுப்பு, ரி.என்.எவ் அல்பா என்ற புரதத்தைச் சுரந்துகொண்டிருந்தது. இது கிருமி தொற்றும்போது எங்கள் நோய் எதிர்ப்புப் படை அனுப்பும் அவசரத் தந்தி. கிருமியே இல்லாத இடத்தில் இந்தத் தந்தி ஏன் போகிறது? அந்தப் புரதத்தைத் தடுத்தபோது எலிகளில் இன்சுலின் மறுபடி நன்றாக வேலை செய்தது. 1997இல் இங்கே லண்டன் யுனிவேர்சிற்றி கொலிஜ் ஆய்வாளர்கள் மனிதரின் வயிற்றுத் தோலடிக் கொழுப்பிலிருந்து ஐ.எல்-6 என்ற இன்னொரு புரதம் நேராக இரத்தத்தில் கலப்பதைக் காட்டினார்கள். எங்கள் இரத்தத்தில் ஓடும் ஐ.எல்-6இல் மூன்றில் ஒரு பங்கு வரை கொழுப்பிலிருந்தே வரலாம் என்று மதிப்பிடப்பட்டது.

ஏன் அப்படி நடக்கிறது? கொழுப்புக் கலம் ஒன்று ஓரளவுக்குத்தான் வீங்க முடியும். அளவுக்கு மீறி நிரம்பினால் அதற்குப் பிராணவாயு போதாமல் போகும். சில கலங்கள் இறந்தும் போகும். இறந்ததைத் துப்புரவாக்க வெள்ளை அணுக்கள் வந்து குவிகின்றன. வந்தவை வேலை முடிந்து போவதில்லை. நிரம்பிய கொழுப்பு அங்கேயே இருப்பதால் அவையும் அங்கேயே குந்தியிருந்து ரி.என்.எவ், ஐ.எல்-6 போன்றவற்றைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. இதைத்தான் அழற்சி என்கிறோம். காலில் முள்ளுக் குத்தினால் சிவந்து வீங்கி நோகும், அதுவும் அழற்சிதான். ஆனால் வண்டிக்குள் நடக்கும் அழற்சி சிவக்காது, நோகாது, காய்ச்சல் காட்டாது. உமி மூட்டத்துக்குள் கிடக்கும் தணல் போல வருடக்கணக்காகக் கனன்றுகொண்டிருக்கும்.

இதற்கு எதிர்மாறாக ஒரு நல்ல புரதமும் கொழுப்பிலிருந்து வருகிறது. அடிப்போனெக்டின் என்று பெயர். இன்சுலினுக்கு உதவி செய்வது, அழற்சியைத் தணிப்பது அதன் வேலை. கொழுப்புக் கூடக் கூட இந்த நல்லது குறைந்துகொண்டே போகிறது என்பதுதான் வேடிக்கை. களஞ்சியம் நிரம்பியதும் நல்ல வேலையாள் விலகிவிடுகிறார், சண்டைக்காரர் உள்ளே வந்துவிடுகிறார்.

ஈரலுக்குப் போகும் செய்தி

ஐ.எல்-6 இரத்தத்தில் ஓடி ஈரலை அடைகிறது. ஈரல் அதைக் கேட்டதும் உடம்பில் எங்கோ காயம் என்று நினைத்து வேறு சில புரதங்களைத் தயாரிக்கிறது. அவற்றில் ஒன்று இரத்தத்தை உறைய வைக்கும் பைபிரினோஜன். இன்னொன்று உங்களில் பலர் கேள்விப்பட்ட சி.ஆர்.பி.

சி.ஆர்.பி ஒரு பழைய புரதம். 1930இல் நியூயோர்க் றொக்கபெல்லர் நிறுவனத்தில் ரிலெற், பிரான்சிஸ் என்ற இருவர் நியூமோனியா நோயாளரின் இரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். கடுமையான தொற்று வந்தால் இது நூற்றுக்கணக்கான மடங்கு ஏறும், சில வேளை ஆயிரம் மடங்கு. நாங்கள் சேர்ஜரியில் இதைப் பார்ப்பது அதற்காகத்தான். ஆனால் தொற்று எதுவும் இல்லாத ஒருவரில் இது லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கிறதா, 3க்கு மேலே இருக்கிறதா என்று நுணுக்கமாக அளந்தால், வண்டியில் கனலும் தணலின் சூடு அதில் தெரியும்.

இங்கேதான் எங்கள் ஆட்களின் கதை வருகிறது.

சவுத்தோல், வான்ட்ஸ்வேர்த், சென்னை

மேற்கு லண்டனில் சவுத்தோலை மையமாக வைத்து மக்கீக், ஷா, மாமற் ஆகியோர் செய்த ஆய்வு 1991இல் லான்செற் சஞ்சிகையில் வெளிவந்தது. நாற்பது முதல் அறுபத்தொன்பது வயது வரையான 3,700 பேருக்கு மேல் அளந்தார்கள். தெற்காசியரில் 19 வீதம் பேருக்குச் சலரோகம், ஐரோப்பியரில் 4 வீதம். தெற்காசியருக்கு ரைகிளிசரைட் கூட, எச்.டி.எல் குறைவு, இரத்தத்தில் இன்சுலின் கூட. கொழுப்பு எங்கே இருந்தது என்று பார்த்தால், தொடையில் அல்ல, வயிற்றைச் சுற்றி.

எங்களுக்கு இன்னும் கிட்டவாக ஒன்று. 1994 முதல் 1996 வரை ரூட்டிங் சென்ற் ஜோர்ஜஸ் வைத்தியசாலை ஆய்வாளர் கப்பூச்சியோவும் குழுவினரும் வான்ட்ஸ்வேர்த் பகுதி ஜீபி பதிவேடுகளிலிருந்து ஏறக்குறைய 1,600 பேரைத் தெரிந்து அளந்தார்கள். நாங்கள் பஸ்ஸில் போய் மரக்கறி வாங்கும் அதே தெருக்களில் வாழ்பவர்கள். அங்கும் தெற்காசியருக்குச் சலரோகம் வெள்ளையரை விட ஏறக்குறைய நாலு மடங்கு. 2001இல் பொரூகி, சத்தார், மக்கீக் ஆகியோர் மேற்கு லண்டனில் ஆரோக்கியமாக இருந்த ஆண் பெண்களில் சி.ஆர்.பியை அளந்தார்கள். தெற்காசியப் பெண்களின் அளவு ஐரோப்பியப் பெண்களின் அளவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. அதுவும் வயிற்றுக் கொழுப்புடன் சேர்ந்தே ஏறியது. சென்னையில் டொக்டர் வி. மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்விலும் சி.ஆர்.பி, உடற் கொழுப்பு, சலரோகம், இருதய நோய் ஆகியவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வருவதைக் காட்டினார்கள்.

"நான் குண்டில்லையே டொக்டர்" என்று சொல்பவர்களுக்கு 2004இல் லான்செற்றில் வந்த ஒரு படத்தை நான் காட்டுவதுண்டு. இரண்டு விஞ்ஞானிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் லண்டன் ஜோன் யுட்கின், மற்றவர் பூனா நகரின் சித்தரஞ்சன் யாஜ்னிக். இருவரின் உடல் நிறைச் சுட்டெண்ணும், அதாவது பி.எம்.ஐ, ஒன்றே: 22.3. ஆனால் கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். தராசுக்கு இருவரும் ஒன்று. ஈரலுக்கு அப்படி இல்லை. எங்கள் தோலடிக் களஞ்சியம் சின்னது, கெதியில் நிரம்பிவிடும். மிச்சம் வழிந்து குடலைச் சுற்றியும், ஈரலுக்குள்ளும், சதையிக்குள்ளும் போய் ஒதுங்குகிறது.

இதனால்தான் இந்த நாட்டு நைஸ் அமைப்பு எங்களுக்குப் பி.எம்.ஐ எல்லையைக் குறைத்து வைத்திருக்கிறது. வெள்ளையருக்கு 25 என்றால் எங்களுக்கு 23. அவர்களுக்கு 30 என்றால் எங்களுக்கு 27.5.

சரி, அந்த இரண்டு வரிகள்

இப்போது பெற்றோல் நிலைய அண்ணையின் தாளுக்கு வருவோம். இதுதான் கட்டுரையின் முக்கியமான பகுதி, கொஞ்சம் பொறுமை தேவை.

இன்சுலின் என்றால் சீனியைக் குறைக்கும் மருந்து என்று மட்டுமே பலர் நினைக்கிறார்கள். அதற்கு இன்னொரு பெரிய வேலை உண்டு. சாப்பிட்டவுடன் அது கொழுப்புக் கலங்களிடம் போய், "இப்ப சாப்பாடு வந்திட்டுது, களஞ்சியத்தைப் பூட்டு" என்று சொல்கிறது. ரி.என்.எவ் போன்ற அழற்சிப் புரதங்கள் அந்தக் கட்டளை கலத்துக்குள் போய்ச் சேரும் பாதையைக் குழப்புகின்றன. களஞ்சியக் கதவு பூட்டப்படாமல் கிடக்கிறது. கொழுப்பமிலங்கள் இரவும் பகலும் ஒழுகுகின்றன. குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து ஒழுகுபவை வாயில் நாளம் வழியாக நேரே ஈரலுக்குப் போகின்றன.

ஈரல் என்ன செய்யும்? வந்த கொழுப்பில் ஒரு பங்கைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. அதுதான் ஸ்கானில் சொல்லும் கொழுப்பு ஈரல். மிச்சத்தை ரைகிளிசரைட்டாக மாற்றி, வி.எல்.டி.எல் என்ற சின்னச் சின்ன மூட்டைகளாகக் கட்டி இரத்தத்தில் ஏற்றி அனுப்புகிறது. இதற்கு மேல் நாங்கள் சாப்பிடும் சோறும் பாணும் சீனியும் மிச்சமானால், அவற்றையும் ஈரல் கொழுப்பாக மாற்றி அதே மூட்டைகளில் சேர்க்கிறது. எண்ணெய் தொடாத ஒருவருக்கும் ரைகிளிசரைட் ஏறுவது இதனால்தான். முதலாவது வரி இது: 3.3. வெறும் வயிற்றில் 1.7க்குக் கீழே இருந்தால் நல்லது.

இனி இரண்டாவது வரி. எச்.டி.எல் இரத்தக் குழாய்ச் சுவரிலிருந்து கொலஸ்ரரோலைத் திருப்பி ஈரலுக்குக் கொண்டு வரும் துப்புரவு வண்டி. இரத்தத்தில் ரைகிளிசரைட் மூட்டைகள் நிறைந்திருக்கும்போது ஒரு பண்டமாற்று நடக்கிறது. எச்.டி.எல் தன்னிடமுள்ள கொலஸ்ரரோலைக் கொடுத்து ரைகிளிசரைட்டை வாங்கிக்கொள்கிறது. அப்படி ரைகிளிசரைட் ஏறிய எச்.டி.எல் சிறுத்து, கெதியாகச் சிதைந்து சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடுகிறது. ஆகவே ரைகிளிசரைட் ஏற எச்.டி.எல் இறங்கும். இரண்டும் ஒரு துலாவின் இரண்டு நுனிகள். 0.8 அப்படி வந்தது. ஆண்களுக்கு 1.0க்கும் பெண்களுக்கு 1.2க்கும் மேலே இருந்தால் நல்லது.

அதே பண்டமாற்று எல்.டி.எல்லுக்கும் நடக்கிறது, என்னை ஏமாற்றியதும் அதுதான். எல்.டி.எல் துணிக்கைகள் சிறுத்து அடர்த்தியாகின்றன. ஒவ்வொரு துணிக்கையிலும் இருக்கும் கொலஸ்ரரோல் குறைவு, ஆனால் துணிக்கைகளின் எண்ணிக்கை கூட. ஆய்வுகூடம் அளப்பது மொத்தக் கொலஸ்ரரோலை, எண்ணிக்கையை அல்ல. சின்னச் சின்னக் கார்கள் ஆயிரம் ஏ3 வீதியில் நெரிந்து நிற்க, நாங்கள் பெரிய பஸ் எத்தனை என்று எண்ணி, "வீதி வெறுமை" என்று எழுதிவிட்டுப் போவது போன்றது. சின்னத் துணிக்கைகள் குழாய்ச் சுவருக்குள் இலகுவாக நுழைந்து அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன. அங்கே அவற்றை விழுங்க மறுபடியும் வெள்ளை அணுக்கள். மறுபடியும் அழற்சி. வண்டியில் தொடங்கிய தணல் இருதயக் குழாயில் வந்து முடிகிறது.

இதை எந்த விசேட பரிசோதனையும் இல்லாமல் உங்கள் தாளிலேயே கண்டுபிடிக்கலாம். மொத்தக் கொலஸ்ரரோலிலிருந்து எச்.டி.எல்லைக் கழியுங்கள். அண்ணைக்கு 5.0இலிருந்து 0.8 போனால் 4.2. இதை நொன்-எச்.டி.எல் என்பார்கள், 4க்குக் கீழே இருப்பது பொதுவான இலக்கு, மாரடைப்பு வந்தவர்களுக்கும் சலரோகக்காரருக்கும் அதை விடக் குறைவாக வேண்டும். இப்போது நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். இதற்கு வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கத் தேவையில்லை.

சலரோகம் இதற்கு மேல் இன்னொரு கேடு செய்கிறது. கூடிய சீனி இரத்தத்திலுள்ள புரதங்களில் ஒட்டுகிறது. நாங்கள் எச்பிஏ1சி என்று அளப்பது ஹீமோகுளோபினில் ஒட்டிய சீனியைத்தான். அதே போல எல்.டி.எல்லின் புரதத்திலும், குழாய்ச் சுவரின் புரதங்களிலும் ஒட்டுகிறது. அப்படி ஒட்டியவை வெள்ளை அணுக்களை இன்னும் கோபப்படுத்துகின்றன. கொழுப்பு சீனியைக் கூட்ட, சீனி அழற்சியைக் கூட்ட, அழற்சி மறுபடி இன்சுலினைக் குழப்ப, செக்கு மாடு மாதிரி ஒரே வட்டம்.

அப்படியென்றால் சி.ஆர்.பி பார்க்கலாமா?

தனியார் கிளினிக்குகளில் காசு கொடுத்து சி.ஆர்.பி பார்த்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். ஒரு அக்கா 6 என்ற முடிவைக் கொண்டுவந்து அழுதார். விசாரித்தால் அவருக்கு அந்தக் கிழமை பல்லுச் சீழ். பல்வலி, தடிமன், மூட்டுவாதம், எதற்கும் இது ஏறும். ஆகவே ஒரு முறை பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்த நாட்டில் இருதய ஆபத்தைக் கணக்கிட நாங்கள் வழக்கமாக இதைப் பயன்படுத்துவதும் இல்லை. நான் எனக்குப் பார்த்ததில்லை.

இன்னொரு விடயம். சி.ஆர்.பி தானே குற்றவாளி என்று கொஞ்சக் காலம் நினைத்தார்கள். பிறகு மரபணு ஆய்வுகள் வந்தன. பிறப்பிலேயே சி.ஆர்.பி கூடுதலாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு கூடவில்லை. ஆனால் ஐ.எல்-6 பாதை பிறப்பிலேயே மந்தமாக உள்ளவர்களுக்கு மாரடைப்புக் குறைவு என்று 2012இல் தெரிந்தது. அதாவது சி.ஆர்.பி புகை, நெருப்பு வேறெங்கோ. 2017இல் கன்ரோஸ் என்ற பெரிய பரிசோதனையில் மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேரில் அழற்சியை மட்டும் தணிக்கும் ஊசி ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். கொலஸ்ரரோல் மாறவில்லை, ஆனால் நடு அளவு மருந்து பெற்றவர்களில் மாரடைப்பு போன்றவை 15 வீதம் குறைந்தன. அழற்சிக் கதை உண்மை என்று அது நிரூபித்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின, அந்த ஊசி இருதயத்துக்கு மருந்தாக வரவும் இல்லை. கிருமிக்கு எதிரான படையையும் சேர்த்துக் கலைத்தால் அப்படித்தான்.

குளிசை பற்றி

ஸ்ரற்றின் குளிசையைப் பற்றி எங்கள் ஆட்களிடம் உள்ள பயம் சொல்லி மாளாது. "ஈரலை அடிச்சுப் போடும்", "ஒருக்காத் தொடங்கினால் விட ஏலாது." பலர் மூன்று மாதம் போட்டு, கொலஸ்ரரோல் இறங்கியதும் "சுகம் வந்திட்டுது" என்று நிறுத்திவிடுகிறார்கள். அது குளிசையால் இறங்கிய அளவு. நிறுத்தினால் ஒரு மாதத்துக்குள் பழைய இடத்துக்கு ஏறும். ஸ்ரற்றின் எல்.டி.எல் துணிக்கைகளைக் குறைப்பதுடன் அழற்சியையும் தணிக்கிறது. 2008இல் வந்த ஜூபிற்றர் ஆய்வில், எல்.டி.எல் நல்லதாகவும் சி.ஆர்.பி கூடுதலாகவும் இருந்தவர்களுக்கு ஸ்ரற்றின் கொடுத்தபோது இருதய நிகழ்வுகள் 44 வீதம் குறைந்தன. தசை நோவு சிலருக்கு வரும். வந்தால் சொல்லுங்கள், அளவைக் குறைக்கலாம், வேறு வகை மாற்றலாம். சொல்லாமல் குப்பைக்குள் போடுவதுதான் என்னால் பொறுக்க முடியாதது. மருந்துக் கடைப் பதிவேட்டில் எல்லாம் வாங்கியதாக இருக்கும், அலுமாரிக்குள் பதினொரு பெட்டி உடைக்காமல் இருக்கும்.

மவுஞ்சாரோ பற்றியும் கேட்கிறீர்கள். இந்த வகை ஊசிகள் நிறையைக் குறைக்கும்போது அழற்சியும் குறைகிறது. செமக்ளூரைட் ஊசியின் 2023 ஆய்வில் சி.ஆர்.பி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 20 வீதம் குறைந்தன. இங்கிலாந்தில் 2025 ஜூனில் ஜீபி வழியாக மவுஞ்சாரோ கொடுக்கத் தொடங்கியபோது மிகக் கூடிய நிறையும் பல நோய்களும் சேர்ந்து உள்ளவர்களுக்கே முதலிடம் கொடுத்தார்கள். தயவுசெய்து ஊரில் இருந்து வருபவரிடமோ வட்சப் குழுவிலோ வாங்க வேண்டாம்.

சாப்பாடும் நடையும்

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது என் நிறை 52 கிலோ. மழையில் சயிக்கிளை உருட்டிக்கொண்டு, பின்னால் அம்மா. அந்த மாதங்களில் கிடைத்ததைச் சாப்பிட்டோம். மிச்சம் விடக்கூடாது என்ற பழக்கம் அன்று உடம்பில் ஏறியது, இன்னும் போகவில்லை. லண்டன் வந்து பரீட்சைகள், இரவு வேலைகள். பிள்ளைகள் தட்டில் விட்ட ரோல்ஸையும் கோழிக்காலையும் "வீணாக்கக் கூடாது" என்று நான் சாப்பிட்டே வண்டி வைத்தேன். எங்கள் தலைமுறை அப்பா அம்மாக்களில் பலருக்கு இது விளங்கும்.

மூன்று வருடங்களுக்கு முன் எனக்கு நானே கண்ணாடி பார்த்தேன். உயரம் 168 சென்ரிமீற்றர், நிறை 70 கிலோ, பி.எம்.ஐ 24.8. இடுப்பு 94. எச்பிஏ1சி 44, 42 முதல் 47 வரை சலரோகத்தின் வாசற்படி, 48 என்றால் உள்ளே. ரைகிளிசரைட் 2.6, எச்.டி.எல் 0.9. அண்ணையின் தாளின் தம்பி என் தாள்.

பெரிய விரதம் எதுவும் பிடிக்கவில்லை. இரவு ஒன்பதரைக்குச் சோறு சாப்பிடுவதை நிறுத்தி ஏழு மணிக்கு முன்பாக்கினேன். பிட்டு நீற்றுப் பெட்டி அளவிலிருந்து ஒரு சிறு கோப்பை அளவானது. பக்கத்தில் முருங்கையிலை வறையும் பருப்பும் மீனும் கூடின. சொதிக்கு இரண்டாம் பால் மட்டும். சனிக்கிழமைப் பிறந்தநாள் விழாக்கள்தான் பெரிய சோதனை: வாசலில் பற்றிஸ், மேசையில் ரோல்ஸ், பத்தரைக்குக் கொத்து, பிறகு கேக். போகாமல் இருக்க முடியாது, கோபிப்பார்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவேன். சாப்பிட்டு முடிய மனைவியும் நானும் இருபது நிமிடம் விம்பிள்டன் பார்க்கைச் சுற்றி நடக்கிறோம். நடக்கும் தசை, இன்சுலின் கேளாமலே இரத்தத்திலிருந்து சீனியை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சாப்பிட்டபின் நடப்பது பலன். வாரத்துக்கு 150 நிமிட நடை என்பது பொதுவான அறிவுரை. எங்களுக்கு அதை விடக் கூடுதலாக வேண்டும் என்று கிளாஸ்கோ ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

ஒரு வருடத்தில் ஐந்து கிலோ போனது. இடுப்பு 88, ரைகிளிசரைட் 1.7, எச்பிஏ1சி 40. எச்.டி.எல் மட்டும் 1.0, அது பிடிவாதக்காரன். ஐந்து கிலோ என்ன பெரிது என்று கேட்காதீர்கள். நியூகாசிலில் றோய் ரெயிலர் குழுவினர் 2023இல் வெளியிட்ட சிறு ஆய்வில், குண்டில்லாத சலரோகக்காரர் இருபது பேர் நிறையைக் குறைத்தார்கள். அவர்களின் சராசரிப் பி.எம்.ஐயும் 24.8தான். ஏறக்குறைய ஆறரை வீத நிறை இறங்கியதில் பதினான்கு பேரின் சலரோகம் குளிசை இல்லாமல் பின்வாங்கியது. ஈரல் கொழுப்பும் சதையிக் கொழுப்பும் இறங்கின. சின்ன ஆய்வுதான், ஆனால் எங்கள் உடம்பு வகைக்கு அது மிகக் கிட்ட வருகிறது.

சேர்ஜரியில் என்ன கேட்பது?

நாற்பது முதல் எழுபத்துநாலு வயது வரை, முன்பே சலரோகமோ இருதய நோயோ இல்லாதவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இலவச உடற்பரிசோதனை உண்டு. கடிதம் வந்தால் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைக்க வேண்டாம், போங்கள். தெற்காசியர் என்றால் இருபத்தைந்து வயதிலிருந்தே சலரோக ஆபத்தைப் பார்க்கலாம் என்பது நைஸ் அறிவுரை. பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்களுக்குத்தான் இது தெரியாது.

அங்கே இருதய ஆபத்தைக் கணக்கிடும் கியூரிஸ்க் கணிப்பில் இந்தியர், பாகிஸ்தானியர், பங்களாதேசியர் என்று தனித்தனிப் பெட்டிகள் உண்டு. இலங்கைத் தமிழருக்கு இல்லை. நாங்கள் "மற்ற ஆசியர்" பெட்டிக்குள் போகிறோம். அந்தப் பெட்டி, இந்தியர் பெட்டியை விடக் குறைந்த ஆபத்தைக் காட்டும். யாழ்ப்பாணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் ஆபத்து குறைந்துவிடுகிறது என்று நான் நம்பவில்லை. ஆகவே, "நான் இலங்கைத் தமிழன், அப்பாவுக்கு ஐம்பத்திரண்டில் மாரடைப்பு" என்று வாய் திறந்து சொல்லுங்கள். கணினி சொல்வதற்கு மேல் யோசிக்க ஜீபிக்கு உரிமை உண்டு.

வீட்டில் செய்ய ஒன்று. உங்கள் உயரத்துக்கு ஒரு நூல் எடுங்கள். அதை இரண்டாக மடித்து வெட்டுங்கள். அந்தப் பாதி நூலை, மூச்சை இழுக்காமல், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றுங்கள். நுனிகள் முட்டவேண்டும். முட்டாவிட்டால் உள்ளே கொழுப்பு இருக்கிறது, தராசு என்ன சொன்னாலும். என் நூல் 84 சென்ரிமீற்றர். இன்னும் நாலு விரற்கடை முட்டாமல் நிற்கிறது.

பெற்றோல் நிலைய அண்ணை இப்போது இரவு வேலை இல்லை. பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்விட்டு மோடன் ஹோல் பார்க் வழியாக நடந்து வருகிறார். சென்ற மாதம் தன் புதுத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். நொன்-எச்.டி.எல் 2.3. நான் கேட்க முன்னமே விரலால் கீழ் இரண்டு வரிகளையும் காட்டினார்.